சூறையில் போன கொட்டாவிக் குடும்பம்

தலையைத்தான் முதலில் நக்க வேண்டும். பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்ததுமே ஆரஞ்சு நிற மசாலாத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அந்தத் தூளுக்குள் விரலை விட்டுத் துழாவினால், மொறுமொறுப்பான சக்கரத் தீனிக்கு நடுவே, மேலுறை கிழிந்து, காரம் அப்பிப்போய், கோலிக்குண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் தலை கிடைக்கும். அதை வாயில் போட்டு, உப்பும் புளிப்பும் போகச் சப்பி, உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால்தான் அது யாருடைய தலை என்று தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் காரமும் பிளாஸ்டிக்கும் கலந்த ருசி என் நாக்கைவிட்டுப் போகவில்லை, போகட்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ‘கொட்டாவிக் குடும்பம்’ என்று ஒரு கார்ட்டூன் வரும். எந்த ஊர்க்காரன் வரைந்தானோ, நமக்காகத் தமிழில் பேசவிட்டிருந்தார்கள். கொட்டாவி என்பவர் குடும்பத் தலைவர், தீயணைப்பு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதே தூங்கிவிடுகிறவர். அவரைத் துடைப்பத்தோடு துரத்துகிற மாமியார், எதற்கெடுத்தாலும் பதறுகிற மனைவி, வீட்டையே கழற்றிப் போடுகிற இரட்டைப் பிள்ளைகள், பூனையைப் பார்த்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிற நாய், குனிந்தால் பொத்தான் தெறிக்கிற தொந்திப் போலீஸ் என்று மொத்தம் ஏழு பேர். இந்த ஏழு பேரையும் பொம்மையாகச் செய்து தீனிப் பொட்டலத்தில் போட்டவன் பெரிய சண்டாளனாக இருக்க வேண்டும். ஏனென்றால் முழுப் பொம்மையாகப் போடவில்லை, ஒரு பொட்டலத்தில் ஒரு கை, இன்னொன்றில் ஒரு கால், வேறொன்றில் உடம்பு, எப்போதாவது ஒரு தலை. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து மாட்டி முதுகில் இருக்கும் குமிழை அமுக்கினால், கொட்டாவி கையைத் தூக்கிச் சோம்பல் முறிப்பார், மாமியாரின் துடைப்பக் கை சட்டென்று மேலே போய்க் கீழே இறங்கும். அதற்காகச் செஞ்சியில் எங்கள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் பைத்தியமாக அலைந்தோம்.

கடைத்தெருவில் பாய் கடையில்தான் அந்தப் பொட்டலம் சரம்சரமாகத் தொங்கும். வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தே உள்ளே இருப்பது தலையா காலா என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தோம். பாய்க்கு அது பிடிக்காது. “அமுக்காத பாப்பா, காத்து பூடும். நவுத்துப்போன தீனிய அப்பால உங்க நைனாவா வந்து வாங்குவாரு?” என்று சத்தம் போடுவார். அமுக்கிப் பழகியதில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கால்கள் கொட்டிக் கிடந்தன, தலைகள் கிடைக்கவில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளிடம் இருந்தது தலையில்லாத முண்டங்கள்தான். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஆறு பேர் முழுசாக நிற்க, மாமியார் மட்டும் கழுத்துக்குமேல் ஒன்றுமில்லாமல் துடைப்பத்தோடு நின்றாள்.

மாமியாரின் தலை தினகரனிடம் இருந்தது. தினகரன் என் வகுப்பு, மல்லாட்டை மண்டி முதலாளியின் பிள்ளை (நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்). என் நைனா அந்த மண்டியின் லாரியை அவலூர்பேட்டைக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆகவே எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் ‘சின்ன மொதலாளி’. அவன் அப்பா பொட்டலங்களைப் பெட்டியோடு வாங்கிப் போட்டார். அவன் பொம்மையை எடுத்துக்கொண்டு தீனியை மண்டி வாசலில் கொட்டிவிடுவான், காக்காய்கள் தின்னும். அவனிடம் மாமியார் தலை மட்டும் மூன்றோ நாலோ இருந்தது. அவனுக்கு அது தேவையே இல்லை. ஆனால் யாருக்கெல்லாம் தேவை என்று நன்றாகத் தெரியும், அதில்தான் அவனுக்கு ருசி.

தலை வேண்டுமென்றால் அவன் சொன்னதைச் செய்ய வேண்டும். ஒருத்தன் சுண்ணாம்புக்கட்டி தின்றான். ஒருத்தி தன் சடையைத் தானே பாதியில் வெட்டிக்கொண்டு வீட்டில் உதை வாங்கினாள். எனக்கு அவன் வைத்தது பாறை. கோட்டை மலையடியில், சித்திரை கூட வேண்டாம், தை மாசத்து மத்தியான வெயிலிலேயே கால் வைக்க முடியாத வழுக்குப்பாறை ஒன்று உண்டு. அதன்மேல் நான் செருப்பில்லாமல் நிற்க வேண்டும், அவன் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கிறவரை. நின்றேன். அவன் நிழலில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னான், முடிகிற இடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டான், “அய்யோ, தப்பாப்போச்சு, மொதல்லேர்ந்து” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தடவை சொல்லி முடித்து, தலையை என் கையில் தராமல் முள்வேலிக்குள் வீசி எறிந்தான். வெந்த காலோடு முள்ளுக்குள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினாள். “கழுதைக்கிப் பொறந்த கழுத, ஒரு பொம்ம தலைக்கு எவளாவது கால வேவவச்சிக்குவாளா? உனக்கு இன்னா கெடு காலம்?” என்று கேட்டவள், நான் மாமியாரின் கழுத்தில் தலையை அழுத்தி மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழை அமுக்கினேன், துடைப்பம் எழுந்து இறங்கியது. என் தம்பி பாபு கெக்கெக்கே என்று சிரித்துப் பாயில் புரண்டான். அவனுக்கு அப்போது ஐந்து வயசு. அந்தச் சாயங்காலத்தில் நான் அடைந்த சந்தோஷத்தைப் பிறகு வேலை கிடைத்தபோதும் அடையவில்லை, கல்யாணத்தின்போதும் அடையவில்லை.

அடுத்த வாரமே பாபுவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு ஜன்னி கண்டு கைகால் இழுத்துக்கொண்டது, நைனா மண்டி லாரியிலேயே போட்டு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். மூளைக் காய்ச்சல். அம்மா அங்கேயே கிடந்தாள், நான் சித்தி வீட்டில் விடப்பட்டேன். ஒரு நாள் நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூக்கில் குழாயோடு, கண் பாதி திறந்து, அவன் யாரையும் பார்க்காமல் கிடந்தான். “பாபு, அக்கா வந்துக்குது பாரு” என்று அம்மா அவன் காதில் கத்தினாள், அவன் இமைகூட அசையவில்லை. அப்போதுதான் அவள் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து, செஞ்சி எந்தத் திசையில் இருக்கும் என்று நைனாவிடம் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்து, “அங்காளம்மா, எம்புள்ளய எனக்குக் குடுத்துடு. எம்பொண்ணு ஆசப்பட்டு வச்சிருக்கிற பொம்மைங்க எல்லாத்தையும் உனக்குச் சூற வுடறேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சூறை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள், அமாவாசையில், அம்மன் ஊரெல்லாம் வலம் வந்து சுடுகாட்டுக்குப் போவாள். அதற்கு ‘மயானக் கொள்ளை’ என்று பெயர். வேண்டிக்கொண்டவர்கள் அங்கே தங்கள் பொருளைக் கூட்டத்தில் வாரி இறைப்பார்கள்: மல்லாட்டை, கத்தரிக்காய், கொழுக்கட்டை, சுண்டல், சில்லறைக் காசு, உயிருள்ள கோழிக்குஞ்சுகூட. யார் கையில் எது விழுகிறதோ அது அவர்களுக்கு அம்மனே கொடுத்தது. அதைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இறைக்கிற பொருள் இறைக்கிறவர்களுக்கு வலிக்க வேண்டும் என்பது பேச்சு. வலிக்காததைக் கொடுத்தால் அம்மன் சிரிப்பாள் என்பார்கள்.

“என் பொம்மைய ஏன் வேண்டிக்கின? உன் பொருளு எதையாவது வேண்டிக்கறதுதான?” என்று அந்த வராந்தாவிலேயே கேட்டேன். அம்மா கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. “எங்கிட்ட இன்னாடி இருக்குது ஆசப்பட்டு வச்சிக்கறாப்ல?” என்றாள். “பொடவையா, பாத்திரமா? அதெல்லாம் கெடந்தா கெடக்குது, போனா போவுது. நீ கால வேவவச்சி வாங்கியாந்த பாரு, அதுக்கு மேல அந்த வூட்ல ஆசயான பொருளு இன்னா இருக்குது?” வெந்த காலுக்கு எண்ணெய் போட்டவள் அவள்தான். எண்ணெய் போடும்போதே விலை போட்டிருக்கிறாள்.

பாபு கண் திறந்தான். மருந்துதான் திறக்கவைத்தது, ஊசிதான் திறக்கவைத்தது, ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டரும் நர்சுகளும்தான் என்று எனக்கு இன்று தெரியும். அன்று எங்கள் தெருவில் யாரும் டாக்டர் பேரைச் சொல்லவில்லை. மூங்கில் குச்சி மாதிரிக் கைகளோடு அவன் வீட்டுக்கு வந்தபோது, சிவராத்திரிக்குச் சில நாட்களே இருந்தன. நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நல்லபடியாக வந்தானே என்றுதான் அழுதேன், பொய்யில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தும் அழுதேன், அதுவும் பொய்யில்லை.

அமாவாசையன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, முறத்தை எடுத்துப் போட்டு, பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முழுசாகவாவது எறியக் கூடாதா என்றேன். “ஏழு பொம்மய எறிஞ்சா ஏழு பேருக்குத்தான் கெடைக்கும். பிரிச்சி எறிஞ்சா எத்தினி பேருக்குக் கெடைக்கும் பாரு” என்றாள். கழுத்தில் இறுகிப்போயிருந்த மாமியாரின் தலை கழலவில்லை. நான் அவ்வளவு அழுத்தி மாட்டியிருந்தேன். அதைப் பல்லில் கடித்து இழுத்தாள். பிறகு கைகள், கால்கள், தலைகள், நாயின் வால் என்று எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தாள். தொந்திப் போலீசின் தொப்பிக்குமேல் பொட்டு வைத்தபோது பாபு சிரித்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் தலைகள் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. காளி வேஷம் கட்டியவர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு ஆடினார்கள். மண்ணில் பெரிதாகப் படுத்திருந்த அம்மன் உருவத்தின்மேல் காய்கறியும் சோறும் குவிந்து கிடந்தன. பெண்கள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டும், ஆண்கள் குடையைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டும் நின்றார்கள். அம்மா முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் திணித்து, “நீயே எறி. ஆசப்பட்டவ கையால எறிஞ்சாதான் செல்லும்” என்றாள். நான் கையை மூடிக்கொண்டேன். “எறிடி, சனியனே. தம்பி வேணுமா, வேணாமா?” என்று கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுடைய கை என் கையைச் சுழற்றியது, கொட்டாவியின் கால்களும் இரட்டைப் பிள்ளைகளின் மண்டைகளும் வெயிலில் பறந்து போயின. கீழே விழுவதற்குள் நூறு கைகள் எழும்பின. மீதியை அவளே வாரி வாரி எறிந்தாள், முறத்தைத் தட்டி உதறிக் காட்டினாள்.

கிடைத்தது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. ஒரு கிழவி ஒற்றைக் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். சிங்கவரத்துக்காரர் ஒருவருக்குத் துடைப்பக் கை கிடைத்தது. அதை அவர் மல்லாட்டைக் கொல்லையில் சனிமூலையில் புதைத்ததாகவும், அந்த வருஷம் காய் வாரிக் கொடுத்ததாகவும் நைனா மண்டியில் கேட்டுக்கொண்டு வந்து பூரிப்போடு சொன்னார். அய்யோ என் மாமியாரே, யார் வீட்டுக் கொல்லைக்கோ எருவாகப் போனாயா என்று நான் உள்ளுக்குள் வயிறு எரிந்தேன்.

மண்டி லாரியின் மேல் ஏறி நின்று விரித்த குடையோடு பிடித்தவன் தினகரன். அவனுக்கு மாமியார் தலையும் இன்னும் சிலதும் விழுந்திருந்தன. அவற்றை மறுநாளே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தான், குங்குமப் பொட்டைக்கூடத் துடைக்காமல். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைச் சுவர் உண்டு. அதன்மேல் மாமியார் தலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு, “உன்னுதுதான, எடுத்துக்கோ” என்றான். நான் முட்டாள், கையை நீட்டிவிட்டேன். “ஆனா அம்மன் எனக்குக் குடுத்தது அது. நீ திருப்பி எடுத்தினா உன் தம்பிக்கு மறுபடியும் இழுத்துக்கும். எடுத்துக்கோ, எடுத்துக்கோ” என்றான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. குழாயடியில் இருந்த அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு அது தினசரி விளையாட்டாகிவிட்டது. இன்டர்வெல் மணி அடித்ததும் தலை சுவரில் ஏறும். என்னை இழுத்துக்கொண்டு வந்து அதன் முன்னால் நிறுத்துவார்கள். “எடுக்கறாளா, இல்லியா?” என்று பந்தயம் கட்டுவார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கப் பார்ப்பாள், நான் திமிறிக்கொண்டு ஓடுவேன். டீச்சரிடம் சொன்னேன். “பொம்மைதான, உனக்கு வேணும்னா எடுத்துக்கயேன், இதுக்கா அழுவுற?” என்றார். கண்ணெதிரே இருக்கிறது, நினைத்தால் எடுக்கலாம், எடுத்தால் தம்பி செத்துப்போவான். பத்து வயசுப் பெண்ணுக்கு அதைவிடப் பொல்லாத கணக்கை யாரும் போட முடியாது. பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். லீவு முடிந்து வேறு விளையாட்டு வந்திருக்கும் என்று ஆறாம் வகுப்புக்குப் போனால், சுவரில் மாமியார் தலை உட்கார்ந்திருந்தது.

அந்த ஜூனில்தான் பாபு அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். பெரிய பிள்ளைகள் எதைச் சுற்றி நின்று கத்துகிறார்கள் என்று பார்க்க வந்தவன், நடுவில் நான் நிற்பதைப் பார்த்தான். கால்களுக்கிடையே புகுந்து வந்து, சுவரில் இருந்த தலையை எடுத்தான். யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டான். ஓட்டமாக ஓடினான்.  பிறகு கூட்டமே அவன் பின்னால் ஓடியது, நானும் ஓடினேன், வீட்டு வாசலில்தான் அவன் நின்றான். என் உள்ளங்கையில் தலையைத் துப்பி, “நீ எடுத்தாதான் ஆவும். நான் எடுத்தா எனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான வேண்டிக்கிச்சி அம்மா?” என்றான். என்ன கணக்கோ அது, எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்ற பிள்ளைகளில் ஒன்று எங்கள் அம்மாவிடம் முழுசாகச் சொல்லிவிட்டது. அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எந்தப் பிள்ளையைக் கொடு என்று கேட்டு வாங்கினாளோ, அந்தப் பிள்ளையைத் துடைப்பத்தை எடுத்து அடித்தாள். ஈர்க்குச்சி உதிர உதிர அடித்தாள். “பொழைச்சி வந்தது புடிக்கலியாடா உனக்கு? சாவப் போறியா? சாவு” என்று அழுதுகொண்டே அடித்தாள். நான் குறுக்கே விழுந்தேன், எனக்கும் விழுந்தது. பிறகு, பூஜைக்கு வைத்திருந்த தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து, தலையைக் கழுவி அதன் நடுவில் வைத்து, எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மண்டி வீட்டுக்குக் கிளம்பினாள்.

தினகரன் ஊஞ்சலில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். உள்ளே அவன் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா வாசப்படிக்குக் கீழேயே நின்று, இரண்டு கையாலும் தட்டை நீட்டி, “சின்ன மொதலாளி, கொழந்த தெரியாம எடுத்துட்டான். அம்மன் உனக்குக் குடுத்தது. வாங்கிக்கோ கண்ணு” என்றாள். அவன் தட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கொட்டையைச் சப்பினான். “எனக்கு வேணாம்” என்றான். “அந்தப் படத்த இப்ப யாரு பாக்கறா? சும்மா இவள ஆட்டங்காட்டத்தான் வச்சிருந்தேன். நீங்களே வச்சிக்கங்க.”

உண்மையில் அது எங்களுக்கு விடுதலை. அவனே வேண்டாம் என்கிறான், எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் அம்மாவுக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. அம்மன் கொடுத்ததை அவன் வாங்க மறுத்தால் நேர்த்தி செல்லாது, செல்லாவிட்டால் பிள்ளை இல்லை. “அப்பிடிச் சொல்லாத கண்ணு, வாங்கிக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லு” என்று கெஞ்சினாள். அவனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “வேணாம்னா வேணாம்தான்” என்று ஊஞ்சலை ஆட்டினான். என் அம்மா, லாரி டிரைவர் பெண்டாட்டிதான், ஆனாலும் எங்கள் தெருவில் யாருக்கும் தலை குனியாதவள், தட்டைப் படியில் வைத்துவிட்டு, மாம்பழச் சாறு ஒழுகுகிற அந்தப் பயலின் காலைப் பிடிக்கக் குனிந்தாள். “வாங்கித் தொலைடா, நாடகம் பாக்க வுடறீங்களா?” என்று உள்ளேயிருந்து அவன் அம்மா கத்தினார். அவன் இரண்டு விரலால் தலையை எடுத்தான், ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தான், எங்கள் கண்ணெதிரே மல்லாட்டைத் தோல் குவியலுக்குள் விட்டெறிந்தான்.

“வாங்கிக்கிச்சி” என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. வீடு வரைக்கும் பாபுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவன் முதுகில் தான் போட்ட வரிகளைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நடந்தேன். தினகரனை நான் வெறுத்தது ஒன்றும் பெரிதில்லை, யாருக்கும் வரும் அது. அன்றைக்கு எனக்கு என் அம்மாவைப் பிடிக்காமல் போயிற்று. அவளுடைய அந்தச் சிரிப்புக்காகத்தான் பிடிக்காமல் போயிற்று. பாபுவுக்கு அதற்குப் பிறகு ஒரு தலைவலிகூட வரவில்லை. தட்டு எடுத்துக்கொண்டு போனதால்தான் வரவில்லை என்று இன்றுவரை அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்தக் கார்ட்டூனைத் தேடினால் எங்கேயும் இல்லை. இணையத்தில் உலகத்துக் குப்பையெல்லாம் கிடைக்கிறது, தமிழில் பேசிய கொட்டாவி மட்டும் கிடைக்கவில்லை. சக்கரத் தீனி நின்றுபோய்விட்டது. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். மண்டி கல்யாண மண்டபமாகிவிட்டது. என் கல்யாணத்துக்கு நாற்காலி போட்டவன் தினகரன்தான். பேச்சோடு பேச்சாக அந்தத் தலையைப் பற்றிக் கேட்டேன். “அப்டியா? சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல” என்று சிரித்தான். பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சுடுகாட்டைச் சுற்றி மதில் எழுப்பி, தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். சூறை மட்டும் நிற்கவில்லை. இப்போது சாக்லேட்டும் பிஸ்கட் பாக்கெட்டும் பறக்கின்றன.

நான் திண்டிவனத்தில் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித் தருகிறேன். கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். போன ஐப்பசியில் என் மகள் நிலாவுக்கு டெங்கு வந்தது. எட்டு வயசு. ரத்தத் தட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்து, இனிமேல் எப்படிப் போகும் என்று சாயங்காலம்தான் சொல்ல முடியும் என்றார். அந்த நேரம் பார்த்து அம்மா செஞ்சியிலிருந்து போன் செய்தாள். அழவில்லை, எதையும் விசாரிக்கவில்லை. “அவ எத ரொம்ப ஆசையா வச்சிக்கினுகீறா? அத மட்டும் சொல்லு” என்றாள். இருபது வருஷத்துக் கோபமும் வாய்க்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். உன்னால்தான் நான் எதன்மேலும் ஆசை வைக்கத் தெரியாதவளாக இருக்கிறேன், என் பெண்ணையாவது விடு என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிலாவின் உதட்டோரத்தில் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. துடைத்தேன், மறுபடியும் கசிந்தது. நர்சைக் கூப்பிட்டேன், பார்த்துவிட்டு அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு போனார். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தேன். சைக்கிள் இல்லை, அது அவளுக்குச் சலித்துவிட்டது. பிறந்தநாள் கவுன் இல்லை. மணி டப்பாதான். சின்னச் சின்னக் கலர் மணிகளைக் கோத்துக் கைச்சங்கிலி செய்வாள். தெருவில் யார் கேட்டாலும் ஒரு மணி தரமாட்டாள், ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள், ஒருமுறை ஒற்றை மணி தொலைந்ததற்கு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

நானே அம்மாவுக்குப் போன் செய்தேன். மணி அடிப்பதற்குள் எடுத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “சொல்லு” என்றாள். சொன்னேன்.

“மணியா?” என்றாள். “வாரி எறிய நல்லா இருக்கும்.”

நிலா நன்றாகிவிட்டாள். மருந்துதான், எனக்குத் தெரியும். மாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு கைச்சங்கிலி கோத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.